நாற்பத்தொன்றாம் பெட்டி, ஏழாம் குழி

ஜூன் 4

அக்கா,

உன் குரலை இனி என் காதால் கேட்கமாட்டேன் என்று சொன்னவள் நான்தான். எழுத்தைப் பற்றி அன்று எதுவும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். சமாதானத்துக்கு வருகிறேன் என்று நினைத்துவிடாதே. நீ முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரி லேபில் போய் நின்று, உன் புது விலாசத்தைக் கேட்டு வாங்கினேன். கொடுத்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சொந்தத் தங்கைக்கு அக்காவின் விலாசம் தெரியாதா என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

எனக்குப் பெண் பிறந்தது உனக்குத் தெரியும். நீ யாரிடமோ கொடுத்தனுப்பிய இரண்டு சட்டையும் வந்து சேர்ந்தன. ஒன்றைக்கூட நான் போட்டுவிடவில்லை. இப்போது இரண்டும் பற்றாது. அவளை நாங்கள் பட்டாணி என்று கூப்பிடுகிறோம். ஒன்பது மாதம். கீழே இரண்டு பல். முன்னால் தவழ நினைத்துப் பின்னால் போகிறாள். கட்டிலுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டு, நாங்கள்தான் தள்ளிவிட்டோம் என்பது போல எங்களைத் திட்டுகிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மாதத்தில் மூன்றாவது தடவையாகக் காய்ச்சல். மூத்திரத்தில் கிருமி என்கிறார்கள். முதலில் ஒரு சிரப், முழுசாக ஏழு நாள் கொடுத்தேன். காய்ச்சல் போனது, பத்தாம் நாள் திரும்பி வந்தது. அப்புறம் வேறு சிரப். அதுவும் அப்படித்தான்.

நேற்று அவள் துணியை மாற்றும்போது அந்த வாடை வந்தது அக்கா. நான் சொல்வது உனக்குப் புரியும். அப்பாவின் கடைசிப் பதினொரு நாளும் அவர் கட்டிலில் தொங்கிய பையை மாற்றியவள் நான். அந்த வாடையை நான் எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். அவர் என் பின்னால் வந்து நிற்பது போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். திரும்பித்தான் பார்த்தேன்.

இன்று ரிப்போர்ட் வந்தது. அப்பாவின் ரிப்போர்ட்டை நான் தூக்கிப் போடவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே கிருமியின் பெயர். அதே மாதிரி மேலிருந்து கீழ்வரை ஆர், ஆர், ஆர், அதாவது இந்த மருந்து கேட்காது என்று. கடைசியில் ஒரு மருந்துக்கு எதிரே மட்டும் வெறும் கோடு. அமிக்காசின் என்ற ஊசி. அதைச் சோதிக்க லேபில் வைக்கிற மருந்து தோய்த்த காகித வில்லை தீர்ந்துபோச்சாம். குழந்தைகள் டாக்டர் கேட்டார், "வீட்ல வேற யாருக்காவது இது வந்திருக்காம்மா?" அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவருடைய ரிப்போர்ட்டில் அந்த ஊசிக்கும் ஆர்தான் என்று காட்டினேன். "அப்ப அதை விட்டுருவோம். காதையும் கிட்னியையும் பாதிக்கிற மருந்து. கேக்காததைக் குத்தி என்ன பிரயோஜனம்?" என்றார்.

ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல். இது அதுவேதானா?

சுண்டு

&nbsp;

ஜூன் 9

சுண்டு,

உன் கடிதம் நேற்று வந்தது. அதுவேதானா என்பதைக் காகிதத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டு பேர் ஒரே நிறச் சட்டை போட்டிருந்தால் ஒரே ஆளாகிவிடமாட்டார்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உங்கள் லேபில் பாப்பாவின் கிருமியை வளர்த்த தட்டை இன்னும் வைத்திருப்பார்கள். ஒரு வாரத்துக்கு மேல் வைக்கமாட்டார்கள். டாக்டரிடம் சொல்லி, அந்தக் கிருமியை எங்கள் லேபுக்கு அனுப்பச் சொல். இங்கே முப்பது மருந்துவரை பார்க்கலாம். முறைப்படி அவர்கள்தான் அனுப்ப வேண்டும். நீ பையில் வைத்து எடுத்துக்கொண்டு வந்து நிற்காதே. உன்னைத் தெரிந்துதான் சொல்கிறேன்.

அந்த ஊசியைப் பற்றி டாக்டர் சொன்னது சரி. அப்பாவுக்கு அது கேட்கவில்லை.

காய்ச்சல் நூற்றிரண்டைத் தாண்டினால், பால் குடிக்க மறுத்தால், ஆறு மணி நேரம் துணி நனையாமல் இருந்தால், கடிதம் எழுதிக்கொண்டு உட்காராமல் ஆஸ்பத்திரிக்குப் போ.

இன்னொன்று. மூன்று தடவை காய்ச்சல் என்றாய், இரண்டு சிரப் என்றாய். முதல் காய்ச்சலுக்கு முன்னால் பாப்பாவுக்கு என்னென்ன மருந்து கொடுத்தாய் என்று எழுதவில்லை. நீ எதையாவது மறைக்கும்போது மற்றதையெல்லாம் நாள் கணக்கோடு சொல்வாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அந்த டப்பா எங்கே இருக்கிறது?

அக்கா

&nbsp;

ஜூன் 13

அக்கா,

இரண்டு வருஷம் கழித்து எழுதுகிறாய். குழந்தை யார் ஜாடை என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. டப்பா எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது. போலீஸ்காரியாகப் போயிருக்கலாம் நீ.

டப்பா என்னிடம்தான் இருக்கிறது. சமையலறை மேல் தட்டில், மூடியில் நீ ஏற்படுத்திய சொட்டையோடு. அப்பாவைப் புதைத்துவிட்டு வந்த மறுநாள் அதை நீ என் காலடியில் வீசினாயே, "இதுதாண்டி அவரைக் கொன்னுது, நீதானே ஒவ்வொரு காய்ச்சலுக்கும் எடுத்து எடுத்து ஊட்டினே" என்று. சிதறிய மாத்திரைப் பட்டைகளை நான்தான் குனிந்து பொறுக்கினேன். தூக்கிப் போட மனம் வரவில்லை. ஒவ்வொரு பட்டையிலும் அவர் கையெழுத்து. முப்பது வருஷம் பார்சல் ஆபீசில் சீட்டு ஒட்டிய மனுஷன். மீந்த மருந்தையும் பார்சல் மாதிரிதானே வைத்திருந்தார்? யாருக்கு, எதற்கு, மீதி எத்தனை.

அதிலிருந்து ஒன்றும் எடுத்துக் கொடுக்கவில்லை. இது சத்தியம். அப்பா போன பிறகு நான் ஒரு மாத்திரைகூடத் தொட்டதில்லை. பிரசவத்தில்கூட, "ஊசி வேண்டாம், தேவைன்னா மட்டும் போடுங்க" என்று நர்ஸைக் கெஞ்சினேன். பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

ஆனால்.

பட்டாணிக்கு ஐந்து மாதத்தில் நெஞ்சுச் சளி. ஒரு சிரப் கொடுத்தார்கள். மூன்று நாளில் மூச்சு சரியானது. நிறுத்திவிட்டேன். குழந்தைக்கு எதற்கு அவ்வளவு மருந்து என்று தோன்றியது. பாட்டிலைக் குளிர்பெட்டிக் கதவில் வைத்தேன். ஏழாம் மாதம் பல் முளைக்கும்போது உடம்பு கொஞ்சம் சுட்டது. என் வீட்டுக்காரர் லிப்ட் ரிப்பேருக்குப் போயிருந்தார், எங்கேயோ ஒன்று பாதியில் நின்று ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று. நான் தனியாக இருந்தேன். பயந்துவிட்டேன். இரண்டரை நாள் அந்த மிச்சத்தைக் கொடுத்தேன். அதற்கு அடுத்த வாரம்தான் முதல் காய்ச்சல்.

இதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை.

இன்று காலை அந்தப் பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். அதில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. யாருக்கு: பட்டாணி. எதற்கு: சளி. மீதி: பாதி. என் கையெழுத்து அக்கா. அதை நான் எப்போது எழுதினேன் என்று எனக்கு நினைவே இல்லை.

கையைக் கழுவிக் கழுவி விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. அவளை முத்தமிடுவதில்லை. நெற்றியில்கூட இல்லை. என்னிடம் முகத்தை நீட்டுகிறாள், நான் திருப்பிக்கொள்கிறேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கிறாள்.

காய்ச்சல் இறங்கவில்லை. நாளை வார்டில் சேர்க்கிறோம். உன் லேபுக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன். டாக்டர் உடனே ஒப்புக்கொண்டார். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததிலிருந்து அவருக்கும் முகம் சரியில்லை.

அந்தக் கிருமிக்கு இதெல்லாம் யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? அவ்வளவு சின்னது எப்படிக் கற்றுக்கொள்கிறது?

சுண்டு

&nbsp;

ஜூன் 17

சுண்டு,

யார் ஜாடை? கேட்டுவிட்டேன். பதில் எழுது.

பாட்டில் விஷயத்தை முதலில் டாக்டரிடம் சொல். திட்டினால் வாங்கிக்கொள். அவருக்கு அது தெரிய வேண்டும்.

உன் கேள்விக்கு வருகிறேன். அது கற்றுக்கொள்வதில்லை. அதற்கு மூளை கிடையாது, வன்மமும் கிடையாது. அது இரண்டாகப் பிரியும்போது தன் மரபணு எழுத்தையெல்லாம் நகல் எடுக்கிறது. கோடி கோடியாக எடுக்கும்போது எங்கோ ஓர் எழுத்து பிசகும். பிசகியது பெரும்பாலும் பிழைக்காது. எப்போதாவது ஒரு பிசகு, மருந்து வந்து ஒட்டுகிற இடத்தைக் கொஞ்சம் கோணலாக்கிவிடும். மருந்து ஒட்டாது. அவ்வளவுதான். மருந்து மற்றதையெல்லாம் துடைத்துக்கொண்டு போன பிறகு, அந்தப் பிசகு மட்டும் காலி வீட்டில் நிற்கும். சாப்பாடு, இடம், எல்லாம் அதற்கே. மறுநாள் அந்த வீடு முழுக்க அதன் பிள்ளைகள்.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. இந்த வகைக் கிருமிக்குள் தனியாக ஒரு சின்ன வளையம் இருக்கும். மருந்தை உடைப்பது எப்படி, உள்ளே வந்த மருந்தை வெளியே இறைப்பது எப்படி என்று வரிசையாகக் குறிப்பு எழுதிய வளையம். நாம் சொத்தைப் பிள்ளைக்குத்தான் விட்டுப்போவோம். அது அப்படியில்லை. பக்கத்தில் இருப்பதை ஒரு குழாய் நீட்டித் தொட்டு, வளையத்துக்கு ஒரு நகல் கொடுத்துவிடும். பக்கத்தில் இருப்பது வேறு சாதிக் கிருமியாக இருந்தாலும் சரி. கொடுத்த பிறகும் தன்னிடம் இருப்பது குறையாது. மருந்து பாதியில் நின்ற குடலில் இந்தக் கொடுக்கல் வாங்கலில் வளையத்தை வாங்கியவைதான் தங்கும்.

அப்பா ஒரு மாத்திரையைக்கூட முழுக் கணக்குக்குச் சாப்பிட்டது கிடையாது. காய்ச்சல் விட்டதும், "போதும், மீதியை எடுத்து வை" என்பார். நாம் இருவரும் அப்படித்தான் வளர்ந்தோம்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்று. சொல்லலாமா என்று மூன்று தாள் கிழித்துவிட்டேன்.

நான் இந்த லேபில் சேர்ந்த முதல் வாரம், உறைபெட்டியின் கணக்கைச் சரிபார்க்கச் சொன்னார்கள். மைனஸ் எண்பது. கதவைத் திறந்தால் வெள்ளையாகப் புகை வந்து முகத்தில் அடிக்கும். நாற்பத்தொன்றாவது பெட்டி, ஏழாவது குழி. விரல் நுனி உயரத்துக்கு ஒரு குப்பி, ஊதா மூடி. மேலே ஒட்டிய சீட்டில் இருந்தது என் கையெழுத்து. பழைய ஆஸ்பத்திரியிலிருந்து, வழக்கத்துக்கு மாறான கிருமி என்று நானே எண் போட்டு இங்கே அனுப்பியது. எங்கே போகிறது என்றுகூட அன்று யோசிக்கவில்லை. உன்னையும் அந்த வீட்டையும் விட்டு இவ்வளவு தூரம் ஓடி வந்தேன். அது எனக்கு முன்னாலேயே இங்கே வந்து உட்கார்ந்திருந்தது.

சாகவில்லை சுண்டு. உறைந்திருக்கிறது. சூடான தட்டில் ஓர் இழுப்பு இழுத்தால் மறுநாள் காலை வளர்ந்து நிற்கும். அப்பாவின் உடம்பிலிருந்தது எதுவும் இந்த உலகத்தில் மிச்சமில்லை, அது ஒன்றைத் தவிர. இரண்டு வருஷமாகத் தினமும் அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் என் நாற்காலிக்குப் போகிறேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், சில நாள் "வரேம்பா" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறேன்.

பாப்பாவின் கிருமி வந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்ப்போம். சொந்தக்காரர்களின் சாம்பிளை நாமே படிக்கக் கூடாது என்று இங்கே ஒரு விதி உண்டு. எங்கள் சீனியர் ஒருவர் படிப்பார். நாங்கள் அவரைச் சந்தேகம் என்போம். சூரியன் உதித்ததா என்று கேட்டால் ஜன்னல்வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்.

முத்தம் கொடு. உன் முத்தத்தால் இனிமேல் புதிதாக எதுவும் போகப்போவதில்லை. போக வேண்டியது அவள் பிறந்த அன்றே போயிருக்கும்.

அக்கா

&nbsp;

ஜூன் 21

சுண்டு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் நான் எழுதியாக வேண்டும்.

இன்று காலை ஏழரைக்குத் தட்டுகளை எடுத்தோம். மூடியைத் திறந்ததும் அதே வாடை. இரண்டிலுமே. அப்பாவின் தட்டில் எல்லா வில்லைகளின் விளிம்புவரையிலும் மொழுமொழுவென்று வளர்ந்திருந்தது, எதையும் மதிக்காமல். பாப்பாவின் தட்டும் அப்படியே. பார்த்தது போதும் என்று என் நாற்காலிக்குத் திரும்பினேன்.

"இங்க வாம்மா" என்றார் சந்தேகம். "இதைப் பாரு."

பாப்பாவின் தட்டில் ஒரே ஒரு வில்லையைச் சுற்றி வெறும் வட்டம். கண்ணாடி மாதிரி சுத்தம். அந்த மருந்தை மீறி ஒன்றுகூட வளரவில்லை. அவர் அளவுகோலை வைத்தார். இருபத்தொரு மில்லிமீட்டர். திருப்பி வைத்து மறுபடி அளந்தார். இருபத்தொன்று.

அமிக்காசின். உங்கள் ரிப்போர்ட்டில் கோடு போட்டிருந்தது. அப்பாவுக்குக் கேட்காது என்று நீ டாக்டரிடம் காட்டி, நானும் ஆமாம் என்று எழுதி, மூன்று பேருமாகச் சேர்ந்து விட்டுவிட்ட அதே ஊசி.

"ஸார், தட்டுல ஏதாவது தப்பிருக்குமோ? இன்னொரு தடவை போட்டுப் பாத்துடலாமா?" என்று கேட்டது நான்தான். வாழ்நாளெல்லாம் மறுபடி போடச் சொன்ன மனுஷன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "குழந்தைக்குக் காய்ச்சல் எத்தனை?" என்றார். சாம்பிளோடு வந்த படிவத்தில் நூற்றுமூன்று என்று இருக்கிறது என்றேன். "அப்புறம் என்னம்மா நிக்கிறே? போனை எடு. மறுபடி போடறதை நான் போட்டுக்கறேன்."

உன் நம்பருக்கு அடித்தேன். பதினொரு தடவை. மணிகூட அடிக்கவில்லை, பாதியிலேயே அறுந்தது. என் நம்பரை நீ அடைத்து வைத்திருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. உன் வீட்டுக்காரர் எடுக்கவில்லை. எந்த லிப்டுக்குள் இருந்தாரோ. கடைசியில் ஆஸ்பத்திரியின் பொது நம்பரைத் தேடி, வார்டுக்கு மாற்றச் சொல்லி, நர்ஸ் எடுத்தாள். "நீங்க யாருங்க?" என்றாள்.

லேபிலிருந்து பேசுகிறேன் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். "பாப்பாவோட பெரியம்மா" என்று வந்துவிட்டது. அந்த வார்த்தையை நான் இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை.

அக்கா

&nbsp;

ஜூலை 5

சுண்டு,

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஊசி ஏறிய இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டது என்று டாக்டர் எங்கள் லேபுக்கு எழுதியிருந்தார். அதைப் பதினைந்து தடவையாவது படித்திருப்பேன்.

இரண்டின் எழுத்தையும் முழுதாகப் படித்து முடித்துவிட்டார்கள். ஐம்பது லட்சம் எழுத்து. அதில் பதினான்கு மட்டும் வேறு. நீ கேட்ட முதல் கேள்விக்கு இதுதான் பதில். அதுவேதான். அப்பாவிடமிருந்து உனக்கு, உன்னிடமிருந்து பட்டாணிக்கு. இடையில் வேறு யாராவது இருந்திருக்கலாம், நிரூபிக்க முடியாது. ஆனால் நீ பை மாற்றிய பதினொரு நாளை நான் நினைத்துக்கொள்கிறேன்.

வளையத்தில் மட்டும் ஒரு துண்டு காணோம். அந்த ஊசியை முறியடிக்கிற குறிப்பு இருந்த துண்டு. குறிப்பைச் சுமப்பதும் சுமைதான் சுண்டு, நகல் எடுக்கும்போதெல்லாம் அதையும் சேர்த்து எடுக்க வேண்டும். பட்டாணி பிறப்பதற்கு முன் உன் குடலில் அது ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. நீ பயந்துபோய் ஒரு மாத்திரைகூடத் தொடவில்லை. ஒரு தடவை நகல் எடுக்கும்போது அந்தத் துண்டு விட்டுப்போயிருக்கிறது. விட்டுப்போனது உன் வயிற்றில் நஷ்டமாகத் தெரியவில்லை. வேகமாகப் பெருகி மற்றதைத் தள்ளிவிட்டது. உன் பயத்தை நான் எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன். அந்த இருபத்தொரு மில்லிமீட்டரில் உன் பயமும் இருக்கிறது.

இனி நான் சொல்ல வேண்டியது.

அப்பாவின் தட்டைப் படித்தது நான். விதி அங்கேயும் இருந்தது. நான் மீறினேன், வேறு யார் படித்தாலும் கவனமாகப் படிக்கமாட்டார்கள் என்று. மூன்றாம் நாள் மாலை நாலரைக்குப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஆர். நான் நம்பவில்லை. எங்கேயோ கலந்துவிட்டது, என் கை சுத்தமில்லை, தட்டு சரியில்லை என்றெல்லாம் சொல்லிக்கொண்டு மறுபடி போட்டேன். வார்டுக்குப் போன் பண்ணவில்லை. மறுபடியும் அதே வந்தபோது ஒன்றரை நாள் போயிருந்தது. அந்த ஒன்றரை நாளும் கேட்காத மருந்துதான் அவர் கைக்குள் ஏறிக்கொண்டிருந்தது. தட்டில் வைத்துப் பார்க்க முடியாத கடைசி மருந்தை அதற்கப்புறம்தான் தொடங்கினார்கள். முன்னால் தொடங்கியிருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது. பிழைத்திருக்கமாட்டார் என்றும் சொல்ல முடியாது.

அவரைப் புதைத்த மறுநாள் டப்பாவை உன் மேல் வீசினேன். யார் மேலாவது வீச வேண்டியிருந்தது.

நேற்று என் மேஜை இழுப்பறையைத் துழாவினேன். போன வருஷம் தொண்டை வலிக்கு வாங்கிய பட்டை. மூன்று மாத்திரை மீதி. இந்த லேபில் வேலை பார்க்கிறவள் நான்.

கடைசியாக ஒன்று. உறைபெட்டியில் இடமில்லை. எழுத்தைப் படித்து முடித்த பழைய குப்பிகளை அழிக்கப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஆகஸ்ட் முதல் தேதி. நாற்பத்தொன்று, ஏழும் அதில் இருக்கிறது. நீராவியில் வேகவைத்துவிட்டுக் கொட்டிவிடுவார்கள். வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் வைப்பார்கள். இல்லையென்றால் நான் கையெழுத்துப் போட வேண்டும். என்னால் தனியாக முடிவு செய்ய முடியவில்லை.

அக்கா

&nbsp;

ஜூலை 22

அக்கா,

உன் கடிதத்தை முதலில் படித்துவிட்டுச் சமையலறைத் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். அப்புறம் எடுத்துக் காயவைத்தேன். மை கலைந்த இடத்தையெல்லாம் மனப்பாடமாக நிரப்பிக்கொள்ள முடிகிறது. அந்த ஒன்றரை நாள் நான் அவர் பக்கத்தில் இருந்தேன். "உங்கக்கா இப்ப ரிப்போர்ட்டோட வருவா பாரு" என்று நாலு தடவை சொன்னார். வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இதை உன்னிடம் சொல்லவே கூடாது என்று இருந்தேன். சொல்லிவிட்டேன். இதற்குமேல் உன்னிடம் வீச என்னிடம் ஒன்றும் இல்லை.

பட்டாணிக்குப் பத்து நாள் ஊசி. ஒவ்வொரு நாளும் குதிகாலில் குத்தி ரத்தத்தில் அளவு பார்த்தார்கள். காதுக்கு ஆபத்து என்று சொல்லியிருந்தார்களே, நான் ஸ்பூனும் தட்டுமாகவே திரிந்தேன். அவள் திரும்பும்வரை தட்டுவேன். திரும்பிவிட்டால் தற்செயலோ என்று மறுபடி தட்டுவேன். பக்கத்துக் கட்டில் அம்மா, "ஏம்மா, புள்ளைக்குக் காது போகுதோ இல்லியோ, எங்களுக்குப் போயிரும் போல" என்றாள். போன வாரம் மெஷினில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது.

பாட்டில் விஷயத்தை டாக்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டு, "வாரத்துக்கு நாலு பேர் இதைச் சொல்றாங்கம்மா. சொல்லாதவங்க எத்தனை பேரோ" என்றார். வீட்டுக்காரரிடமும் சொன்னேன். அவர் தன் டூல்ஸ் பையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். கையில் வெட்டுக்காயம் பட்டபோது வாங்கியதாம். இரண்டு மீதி.

அது போய்விட்டதா என்று டாக்டரிடம் கேட்டேன். மூத்திரத்தில் இல்லை, குடலில் இருக்கும் என்றார். ஒதுங்கி இருக்குமாம். வருஷக்கணக்காகக்கூட. ஒன்றும் செய்யாதாம், இடம் காலியாகும்வரை. ஆகவே அது என்னிடம் இருக்கிறது, அவளிடம் இருக்கிறது. அவளைத் தூங்கவைக்கும்போது வயிற்றில் கை வைத்துப் பார்க்கிறேன். மெதுவாக ஏறி இறங்குகிறது. உள்ளே அப்பாவின் கடைசிப் பார்சல். அதை யாரும் திருப்பி வாங்கிக்கொள்ளமாட்டார்கள். முத்தம் கொடுக்கிறேன், நீ சொன்ன அன்றிலிருந்து.

நேற்று டப்பாவை இறக்கினேன். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் பழைய மருந்தை வாங்கி எரிப்பதற்கு ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். அதில் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்தேன். மாத்திரைகள் அங்கே போய்விட்டன. சீட்டுகள் இங்கே என் முன்னால் இருக்கின்றன. முப்பத்தெட்டு. முக்கால்வாசி அவருடையதுதான், ஆனால் அவர் மட்டும் இல்லை. யாருக்கு: சின்னவள். எதற்கு: காது சீழ். மீதி: ஆறு. யாருக்கு: அம்மா. எதற்கு: தெரியவில்லை. மீதி: ஒன்பது. அம்மா இறந்துபோன வருஷத்துத் தேதி. இதில் எது முதல் என்று தேடினேன். எல்லாவற்றிலும் பழைய தேதி போட்டிருந்ததை உனக்கு இத்துடன் வைத்திருக்கிறேன். பயப்படாதே, சீட்டு மட்டும்தான்.

யாருக்கு: பெரியவள். எதற்கு: பரீட்சைக் காய்ச்சல். மீதி: நான்கு. சரியாகிவிட்டது.

"சரியாகிவிட்டது" என்று வேறு எந்தச் சீட்டிலும் அவர் எழுதவில்லை. நீ அந்தப் பரீட்சையில் தேறித்தானே லேப் படிப்புக்குப் போனாய்?

குப்பியைப் பற்றிக் கேட்டாய். மூன்று நாள் யோசித்தேன். வைத்திரு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது இருந்தால் அவர் இருப்பது போல. ஆனால் அன்று நான் அவருடைய ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போய்த்தானே, கேட்கிற ஒரே ஊசியைத் தடுத்தேன்? அதை அவரே பார்த்திருந்தால் என்னை அறைந்திருப்பார். எழுத்தைப் படித்தாகிவிட்டது என்கிறாய். வேறு ஒரு குழந்தைக்கு அந்த எழுத்து உதவினால் போதும். கொட்டிவிடச் சொல்.

தனியாகப் போட்டுவிடாதே கையெழுத்தை. ஆகஸ்ட் ஒன்று அன்று உறைபெட்டியைத் திறப்பதற்கு முன்னால் எனக்குப் போன் பண்ணு. அடைத்து வைத்ததை இப்போதுதான், இந்த வரிக்கு முன்னால்தான், திறந்துவிட்டேன். பட்டாணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் உன் ஜாடை. நெற்றியும் அந்த முறைப்பும்.

வீட்டுக்குக் கிளம்பும்போது நீ அவரிடம் சொல்வதைச் சொல். நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருப்போம்.

சுண்டு